நாலு நிமிடம் இருபது விநாடி

கடிதம் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது.

போன வாரம் அதை உள்ளே வைத்துப் பூட்டியபோது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்ஸ்பெக்டரம்மா நினைத்தார். நாளை வந்தது, போனது. அப்படியே ஏழு நாள் ஓடிவிட்டது. ஒரு கான்ஸ்டபிள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால், ஏழாம் நாள் மாலைத் தபாலில் அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். விதி அப்படி. விதி என்றால் நம் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு உயிர். ஸ்டேஷனில் அவருக்கு 'மெமோ மேடம்' என்று பெயர் வந்தது சும்மா இல்லை. தொப்பி சாய்ந்திருந்தால் ஒரு மெமோ, தாமதமாக வந்தால் ஒரு மெமோ, தாமதத்துக்குக் காரணம் சொன்னால் இன்னொரு மெமோ.

கடிதம் எழுதியவளுக்கு இருபத்து மூன்று வயது. அவளை ஸ்டேஷனில் 'எதுக்கு' என்று கூப்பிடுவார்கள். எந்த உத்தரவைக் கேட்டாலும் "எதுக்கு மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அவளும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள்.

அவளுக்கு மூன்று மெமோ. மூன்றாவதுதான் விஷயத்தை முற்றவிட்டது. ரோந்து போகிறவர்கள் போய் வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட, ஊரில் பன்னிரண்டு இடங்களில் நோட்டுத் தொங்குகிறது. அதில் ஒன்று, ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்கின் மாடிப்படியில். "அங்க எலிகூட இல்லையே மேடம். அவ்வளவு கூட்டம் இருக்கற பஸ் ஸ்டாண்டுல ஒரு நோட்டு இல்லை. எதுக்கு மேடம் கிடங்குல போய் கையெழுத்து?" என்று காலை ரோல் காலில், நாற்பது பேர் முன்னால் கேட்டாள்.

"உனக்கெல்லாம் இந்த உடுப்பு எதுக்கு? முதல்ல அதைச் சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா, அதே நாற்பது பேர் முன்னால்.

மறுநாள் கடிதம் வந்தது. இரண்டே வரி. 'இங்கே கேட்பதற்கு இடமில்லை. ஆகவே பணியிலிருந்து விலக அனுமதி வேண்டுகிறேன்.'

ஒரு வருடத்தில் இந்த ஸ்டேஷனில் வந்த மூன்றாவது ராஜினாமாக் கடிதம் இது. முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார். இதை அனுப்பக் கை வரவில்லை. இவள் போனால் ஸ்டேஷனில் ஒரு நல்ல கண்ணும் காதும் போய்விடும் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்ல, அவர் வாய்க்குப் பழக்கமில்லை.

●

"இன்னிக்குத்தான் கடைசி நாளா?" என்று கேட்டார் கணவர், தேநீரை ஆற்றிக்கொண்டே. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வீட்டில் சத்தம் போடாத ஒரே ஆள்.

"ஆமாங்க."

"கூப்பிட்டுப் பேசிப் பாரேன்."

"என்னத்தைப் பேசறது? கேள்வி கேக்காதேன்னு சொன்னா, எதுக்குன்னு கேப்பா."

"என் கடையில நான்தான் கேக்கறேன். இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவான்னு. கண்ணு அவங்களுதாச்சே. அவங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

"உங்க கடையில தப்பானா கண்ணாடியை மாத்திக் குடுப்பீங்க. என் வேலையில தப்பானா யாரோ வீட்டுப் பிள்ளை போயிடும். ரெண்டும் ஒண்ணாங்க?"

கணவர் டம்ளரை வைத்தார். அவர் இதற்குமேல் வாதாடுவதில்லை. அதனால்தான் இருபத்தாறு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறார்.

மகள் சின்னு, தலைமுடியைப் பின்னிக்கொண்டே ஓடிவந்தாள். நாலு மாதமாகப் போலீஸ் கண்ட்ரோல் ரூமில் வேலை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, எந்த ஸ்டேஷனிலிருந்து என்ன செய்தி வந்தாலும் வாங்கிப் பதிவு செய்கிற வேலை. திங்கட்கிழமையிலிருந்து அவளை வேறு இருக்கைக்கு மாற்றியிருக்கிறார்கள். அது அம்மா ஸ்டேஷன் பேசுகிற அலைவரிசை. அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"அம்மாகிட்ட எப்பச் சொல்லப் போறே?" என்று அப்பா வாசலில் கிசுகிசுத்தார்.

"சொன்னா, என் தொப்பி நேரா இருக்கான்னு மைக்லயே கேப்பாங்கப்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பறந்தாள்.

●

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, தையல் கடைக்காரி ஒருத்தி கழுத்தில் அளவு நாடாவோடு ஸ்டேஷனுக்குள் ஓடிவந்தாள். பரீட்சை என்று பள்ளிக்கூடத்தை அரை மணி நேரம் முன்னாலேயே விட்டுவிட்டார்கள். அவளுக்குத் தெரியாது. வழக்கமான நேரத்துக்குப் போய் நின்றிருக்கிறாள். மகள் இல்லை. ஏழு வயது. முதுகில் பச்சைப் பை.

இந்த மாதிரி நேரத்தில் இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். குறை சொல்கிறவர்களும் வாயடைத்துப் போவார்கள். மூன்று நிமிடத்தில் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேர், கடைத்தெருவுக்கு நாலு பேர், பஸ் ஸ்டாண்டுக்கு, வாசலுக்கு ஒருவராக மூன்று பேர். "நின்ன இடத்தை விட்டு யாரும் நகரக் கூடாது" என்று ஒரே வரி. தாயின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "உன் பொண்ணை நான் கொண்டுவர்றேம்மா" என்றார். ஏட்டையாவை ஏற்றிக்கொண்டு, ஜீப்பில் தானே கடைத்தெருப் பக்கம் கிளம்பினார்.

ஏட்டையாவுக்கு முப்பது வருட சர்வீஸ். அதில் அவர் பேசியதில் பாதி, "எஸ் மேடம்"தான்.

ஜீப் திரும்புவதற்குள் மைக்கில் குரல் வந்தது. "மேடம், எனக்குக் கிழக்கு வாசல்னு சொல்லியிருக்கீங்க. எதுக்கு மேடம் கிழக்கு வாசல்? ஓவர்."

ஏட்டையா கண்ணை மூடிக்கொண்டார்.

உண்மையில் அவள் முழுதும் சொல்லி முடிக்கவில்லை. கிழக்கு வாசலைக் குழாய் போட முந்தாநாள் தோண்டி மூடிவிட்டார்கள், பஸ்கள் எல்லாம் பின்பக்க டிப்போ வழியாகப் போகின்றன, நான் அங்கே போகட்டுமா என்று அடுத்த மூச்சில் சொல்ல இருந்தாள். இன்ஸ்பெக்டரம்மா அந்த அடுத்த மூச்சுக்கு இடம் கொடுக்கவில்லை.

"சொன்ன இடத்துல நில்லு! குழந்தையைக் காணோம்னு தேடிட்டிருக்கோம், இங்க உனக்குப் பாடம் நடத்தணுமா?"

இத்தோடு பட்டனை விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கோபத்தில் வாக்கி டாக்கியை இறுகப் பிடித்திருந்தார். கட்டைவிரல் பட்டன் மேலேயே அழுந்தி நின்றது. அதே கையை ஆட்டி ஆட்டி, ஏட்டையா பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா ஏட்டையா? ஒரு வேலை சொன்னா ஒன்பது கேள்வி. நாம சேர்ந்த புதுசுல, மேலதிகாரி கிணத்துல குதின்னா எந்தக் கிணறுன்னு மட்டும்தான் கேப்போம். இதுங்களுக்குக் கிணத்தோட ஆழம், அகலம், தண்ணி நல்லா இருக்கா, எல்லாம் சொல்லணும்."

"எஸ் மேடம்" என்றார் ஏட்டையா. அவர் கண், செட்டில் எரிந்துகொண்டிருந்த சின்னச் சிவப்பு விளக்கின் மேலேயே இருந்தது.

"வேலையைக் குடுத்தா போன். சாப்பிடப் போனா போன். இதுல தனியா ஒரு குரூப் வேற. நம்ம ஆளுங்க, செக்போஸ்ட், டிராபிக்னு அறுபத்திரண்டு பேர் சேர்ந்துக்கிட்டு அரட்டை. டூட்டியில போனைத் தொட்டா மெமோன்னு போர்டே எழுதிப் போட்டேன், கேக்குதுங்களா?"

"எஸ் மேடம்."

"ஊரை ஏன் சொல்லணும்? என் வீட்டுலயே ஒண்ணு இருக்கு. கண்ட்ரோல் ரூம்ல உத்தியோகம். எழுந்திருக்க மூணு அலாரம் வெச்சுக்கும், மூணையும் அணைக்க நான் எழுந்திருக்கணும். இதெல்லாம் என்னைக்குப் பொறுப்பா ஒரு வேலை பாக்கப் போகுது?"

இந்தக் கடைசி வரியும், அதே அலைவரிசையில் இருக்கும் முப்பத்தோரு ஸ்டேஷன்களிலும், எல்லா செக்போஸ்ட்டிலும், மேலதிகாரியின் காரிலும் தெளிவாக ஒலித்தது.

●

சின்னுவின் காதிலும்தான்.

பக்கத்து இருக்கைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னுவுக்குக் காது மடல் எரிந்தது. அழுகை வந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. அம்மாவின் விரல் பட்டனில் இருக்கிறவரை, இந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. குழந்தை கிடைத்தாலும் சொல்ல முடியாது, கிடைக்காவிட்டாலும் சொல்ல முடியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனிலிருந்து அம்மாவை அழைத்தாள். அம்மா அழைப்பைத் துண்டித்தார்.

"இதோ பாருங்க ஏட்டையா, டூட்டி நேரத்துல வீட்டுல இருக்கற மாதிரி எனக்கே போன் பண்றா!" என்று அதுவும் மைக்கில் வந்தது.

மறுபடி அழைத்தாள். மறுபடி துண்டிப்பு. சட்டென்று கண்ட்ரோல் ரூம் போனை எடுத்தாள். அந்த எண்ணைப் பார்த்தால் அம்மா எடுக்காமல் இருக்க மாட்டார்.

"சொல்லுங்க."

"கண்ட்ரோல் பேசறேன் மேடம். உங்க செட் பட்டன் அழுந்தியிருக்கு. சேனல் அடைபட்டிருக்கு. விரலை எடுங்க மேடம்."

குரலில் நடுக்கமில்லை, கோபமில்லை. இன்ஸ்பெக்டரம்மா ஒரு கணம் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு அந்தக் குரல் யாருடையது என்று புரிந்தது. விரலை எடுத்தார். செட்டின் சின்னத் திரையில் 4:20 என்று நின்றது.

எடுத்த மாத்திரத்தில் மைக்கில் 'எதுக்கு'வின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது.

"மேடம், குழந்தை கிடைச்சிட்டா. பாலத்து செக்போஸ்ட்ல இருக்கா. நல்லா இருக்கா மேடம். ஓவர்."

ஜீப்பை ஓரம் கட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டரம்மா. வாக்கி டாக்கியை மடியில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நாலு நிமிடத்தில் நடந்தது இவ்வளவுதான். மூடிக் கிடந்த கிழக்கு வாசலில் நின்றபடியே, 'எதுக்கு' பக்கத்தில் வாழைப்பழம் விற்றவரிடம் விசாரித்திருக்கிறாள். பச்சைப் பையோடு ஒரு பொண்ணு, பெரியவங்க கூட்டத்தோட சேர்ந்து பின்பக்கம் போய்ப் பதினாலாம் நம்பர் பஸ்ல ஏறுச்சே என்று அவர் சொன்னார். பதினாலு பாலத்தைத் தாண்டிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்கு எங்கும் நிற்காது. மைக்கை எடுத்தாள். மேடம் பேசிக்கொண்டிருந்தார். மறுபடி எடுத்தாள். மேடம் பேசிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி வந்த திட்டையெல்லாம் கேட்டுக்கொண்டே பத்துத் தடவை பட்டனை அழுத்திப் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்து, தடை செய்யப்பட்ட அந்தக் குரூப்பில் எழுதினாள். '14 பஸ், ஏழு வயசுப் பொண்ணு, பச்சைப் பை. பாலத்துல யார் இருக்கீங்க? நிறுத்துங்க.' பாலத்தில் இருந்த போக்குவரத்துக் கான்ஸ்டபிள் ஒருவன் 'நான் இருக்கேன்' என்று பதில் போட்டுவிட்டு நடு ரோட்டில் போய் நின்றான். அம்மாவின் கடைக்குத் தானே போய்விடலாம் என்று தப்பான பஸ்ஸில் ஏறிய அந்தப் பெண், கடைசி இருக்கையில் பையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜீப்புக்குள் இன்ஸ்பெக்டரம்மா மெல்லக் கேட்டார். "சிவப்பு விளக்கு எரிஞ்சதைப் பாத்தீங்களா, ஏட்டையா?"

"பாத்தேன் மேடம்."

"எப்போலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே மேடம்."

"அப்புறம் ஏன்யா சொல்லலை?"

"நீங்க பேசும்போது யாரும் குறுக்க பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே மேடம். போன வருஷம் அதுக்கு எனக்கு மெமோகூடக் குடுத்தீங்க."

டிரைவர் ஸ்டியரிங்கைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டார்.

●

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் மேலதிகாரி போனில் வந்தார்.

"குழந்தை கிடைச்சது சந்தோஷம். ஆனா மைக்ல ஒரு செய்தியும் வராம, பாலத்துல பஸ் எப்படி நின்னுது?"

"போன் குரூப் மூலமா சார்."

"டூட்டியில போனா? உங்க ஸ்டேஷன்லதானே தடை போட்டிருக்கீங்க? யார் அந்த ஆளு? ஆறு மணிக்குள்ள எனக்கு ரிப்போர்ட் வேணும். நடவடிக்கை என்னன்னும் எழுதுங்க." கொஞ்சம் நிறுத்தி, "மைக்ல ஏதோ கிணறு, அலாரம்னு கேட்டுது. அதை நான் பெருசு பண்ணலை" என்று வைத்துவிட்டார்.

அவர் பெருசு பண்ணவில்லை. பழியை அந்தப் பெண் தலையில் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டரம்மாவும் பேசாமல் இருக்கலாம். அவள் எப்படியும் போகிறவள்தானே? இந்த எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. வந்தது, வந்ததற்காக வெட்கப்பட்டார்.

குரூப் விஷயம் அதற்குள் கண்ட்ரோல் ரூமுக்கும் எட்டியிருந்தது. அங்கே, சின்னுவின் சூப்பர்வைசர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நல்ல மனிதர். நன்மை செய்வதாக நினைத்துத்தான் வந்தார்.

"நாலு நிமிஷம்தானேம்மா. பதிவுல எழுத வேண்டாம். உங்க அம்மா பேர் எதுக்கு அதுல வரணும்?"

சின்னு பேனாவை மூடினாள். திறந்தாள்.

"எழுதலைன்னா, மைக் சும்மா இருக்கறப்ப அந்தக் கான்ஸ்டபிள் பொண்ணு போனைத் தொட்டாள்னு ஆயிடும் சார்."

"அது அவங்க ஸ்டேஷன் பாடு."

"அவதான் சார் குழந்தையைக் கண்டுபிடிச்சா."

எழுதினாள். எந்த செட், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் அடைபட்டது என்று எல்லாவற்றையும். நாலு நிமிடம் இருபது விநாடி. எழுதிவிட்டு வராந்தாவுக்கு வந்து அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா பண்ணின தப்பை என் கையாலயே பதிவு பண்ணிட்டேம்பா."

அந்தப் பக்கம் யாருக்கோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "கையெழுத்து நல்லா இருந்துச்சா?"

"அப்பா!"

"இல்ல, உங்கம்மா அதையும் பாப்பாங்க. அதான் கேட்டேன்." பிறகு குரலைத் தணித்து, "நல்லது பண்ணினே கண்ணு" என்றார்.

●

ஐந்தரை மணிக்குத் தையல் கடைக்காரி மகளோடு வந்தாள். இன்ஸ்பெக்டரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "சொன்ன மாதிரியே கொண்டுவந்துட்டீங்கம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தக் கைகளின் சூடு இன்ஸ்பெக்டரம்மாவை என்னவோ செய்தது. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ நன்றி வாங்கியிருக்கிறார். தனக்கு வர வேண்டியதில்லாத நன்றியை வாங்கி நிற்பது இதுதான் முதல் முறை.

"என் கூட வாங்க" என்று தாயையும் மகளையும் முற்றத்துக்கு அழைத்துப்போனார். ரோல் காலுக்காக எல்லோரும் வரிசையில் நின்றிருந்தார்கள். மூன்றாவது வரிசைக் கடைசியில் 'எதுக்கு'. இன்று மாலை தன் கடிதம் போகிறது என்று அவளுக்குத் தெரியும். நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பொண்ணுதாம்மா உங்க குழந்தையைக் கண்டுபிடிச்சது. நான் இல்லை."

தாய் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அட்டென்ஷனில் நின்ற பெண்ணுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மேடத்தைப் பார்த்தாள். மேடம் தலையசைத்த பிறகுதான் அந்தக் கைகள் மேலே எழுந்து தாயை அணைத்தன. சிறுமி, பச்சைப் பையிலிருந்து பாதி கடித்த பிஸ்கட் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

அவர்கள் போனதும் இன்ஸ்பெக்டரம்மா ஒரு தாளைப் பிரித்தார்.

"இன்னிக்கு ஒரு மெமோ இருக்கு."

நாற்பது முதுகும் விறைத்தன. யாருக்கு என்று தங்களுக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"பெறுநர், நிலைய இன்ஸ்பெக்டர். அனுப்புநர், நிலைய இன்ஸ்பெக்டர்" என்று படிக்க ஆரம்பித்தார். "இன்று பகல், வயர்லெஸ் பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் நாலு நிமிடம் இருபது விநாடி பேசி, அவசரச் செய்தி வர வழியில்லாமல் செய்தது ஏன் என்று விளக்கம் தரவும்."

அடுத்த வரிக்குப் போனார்.

"விளக்கம். கிழக்கு வாசல் மூடியிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் சொல்ல வந்தார். நான் கேட்கவில்லை. பேசிக்கொண்டிருந்தேன்." தாளை மடித்தார். "இதை ஸ்டேஷன் டைரியில என் கையாலயே எழுதிட்டேன். மேலதிகாரிக்குப் போற ரிப்போர்ட்டும் இதுதான். நடவடிக்கை எடுக்கணும்னா என் மேல எடுங்கன்னு எழுதியிருக்கேன். அந்தக் குரூப்புல இருக்கறவங்க எல்லாருக்கும் நன்றி. தடையை எடுத்துட்டேன். இனிமே ரோல் கால்ல கடைசி அஞ்சு நிமிஷம் உங்களோடது. கேளுங்க. எனக்கு எரிச்சல் வந்தாலும் கேளுங்க. எரிச்சல் வரும், அதையும் சொல்லிடறேன்."

இத்தனை வருடப் பழக்கம் ஐந்து நிமிடத்தில் போகுமா? எல்லோரும் பூட்ஸ் நுனியைப் பார்த்தார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லையா?"

முன்வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. ஏட்டையா.

"மேடம்... அந்தப் பழைய கிடங்கு... எதுக்கு மேடம் அங்க போய் கையெழுத்து? மாடிப்படி வேற. எனக்கு முட்டி வலிக்குது மேடம்."

முதலில் சிரித்தது இன்ஸ்பெக்டரம்மாதான். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

"அஞ்சு வருஷமா ஏறி இறங்கினீங்களே, அப்பவே கேட்டிருக்கலாமே ஏட்டையா?"

"எஸ் மேடம்."

கிடங்கு நோட்டு அன்று மாலையே பஸ் ஸ்டாண்டுக்குப் போனது.

●

ஆறேகாலுக்கு 'எதுக்கு'வை அறைக்கு அழைத்தார். மேஜையில் கடிதம். பக்கத்தில் அவளுக்குக் கொடுத்த மூன்று மெமோக்களின் நகல்.

"ஆறரைக்குத் தபால் போகும். உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். இந்த அறையில் அவள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"மெமோவைக் கிழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா கீழே எழுதலாம்." மூன்றையும் அவள் பக்கம் தள்ளினார். ஒவ்வொன்றின் அடியிலும் இன்ஸ்பெக்டரம்மாவின் கையெழுத்து. மேலே ஒரே வரி: 'கேட்டது சரி. பதில் சொல்லாதது என் தவறு.'

அந்தப் பெண் மூன்றையும் படித்தாள். பத்துத் தடவை பட்டனை அழுத்தியபோது கலங்காத கண், இப்போது கலங்கியது.

"நாற்பது பேர் முன்னால உன்னை உடுப்பு எதுக்குன்னு கேட்டேன். பதில் இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. மன்னிச்சுக்கோம்மா. உனக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். இந்தக் கடிதத்தை அனுப்பவா, வேண்டாமா? நீ சொல்லு."

அவள் கடிதத்தை எடுத்தாள். கிழிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

"அனுப்ப வேண்டாம் மேடம். கிழிக்கவும் மாட்டேன். என் பையிலேயே இருக்கட்டும்."

"எதுக்கு?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது உறைத்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

"இது இங்க இருந்தா, அந்த அஞ்சு நிமிஷம் உங்களுக்கு மறக்காது மேடம்."

நேற்று இதைச் சொல்லியிருந்தால் நாலாவது மெமோ நிச்சயம். இப்போது இன்ஸ்பெக்டரம்மா எழுந்து நின்று, ஒரு கான்ஸ்டபிளுக்குச் சல்யூட் அடித்தார்.

●

எட்டு மணிக்கு வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சின்னு தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள். அப்பா, தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதிவுல எழுதிட்டியா?" என்று கேட்டார் அம்மா.

"எழுதிட்டேன்."

"இருபது செகண்டையும்?"

"இருபது செகண்டையும்."

"ஒரு செகண்டு குறைச்சிருந்தா நான் உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்" என்றார் அம்மா. அவர் கை நீண்டு மகளின் தலைமேல் இருந்தது. "என்னைக்குப் பொறுப்பா வேலை பாக்கப் போகுதுன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினேன். நீ அந்த நிமிஷமே பாத்துக்கிட்டிருந்தே. உன் குரலைக் கேட்டப்ப எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? ரொம்ப நன்றிடி."

இந்த வீட்டில் அந்த வார்த்தை புழங்கியதில்லை. சின்னு தட்டை வைத்துவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்தாள். "அலாரம் ரெண்டுதாம்மா. மூணுன்னு பொய் சொல்லிட்டீங்க" என்றாள் அழுகைக்கு நடுவே.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. மேலதிகாரி. எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு நேர்ல வரச் சொல்றார். என் ரிப்போர்ட்டை ஏத்துக்கலையாம். அறுபத்திரண்டு பேர் பட்டியல் வேணும்கறார்."

"குடுப்பியா?" என்றார் கணவர்.

பதில் சொல்வதற்குள் போன் 'டிங்' என்றது. யாரோ அவரை அந்தக் குரூப்பில் சேர்த்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'அனைவருக்கும் நன்றி' என்று அனுப்பினார்.

ஒரு நிமிடம் குரூப்பில் ஈ காக்கை இல்லை. பிறகு ஒரே ஒரு பதில் வந்தது.

'எஸ் மேடம்.'

"அடப்பாவி! ஏட்டையாவும் இதுலதான் இருக்காரா!"

சின்னு சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினாள். அதற்குள் அடுத்த செய்தி வந்தது. 'எதுக்கு'விடமிருந்து.

'நாளைக்குப் பத்து மணி, பட்டியல் விஷயமெல்லாம் ஸ்டேஷனுக்கும் போன்ல வந்துச்சாம், ஏட்டையா சொன்னார் மேடம். பட்டியல் எழுதிச் சிரமப்பட வேண்டாம். நாங்களே வர்றோம், அறுபத்திரண்டு பேரும்.'

இன்ஸ்பெக்டரம்மா அதை இரண்டு தரம் படித்தார். 'நீங்க எதுக்கு?' என்று கேட்டு அனுப்பினார்.

பதில் உடனே வந்தது.

'நீங்க எங்களுக்காகப் பேசும்போது, பட்டன்ல கை வெச்சுக்க ஆள் வேணும் மேடம். இந்தத் தடவை விடாம அழுத்திப் பிடிச்சுக்கறோம். ஊரே கேக்கட்டும்.'